நிலா காய்கிற, மேகம் ஓடுகிற ராத்திரி

இரவு வானத்தைப் படம் எடுக்கிறவர்களுக்கு மேகம் என்றாலே எரிச்சல். அமாவாசையை ஒட்டி வருகிற சனிக்கிழமையாகப் பார்த்து, வீட்டில் அனுமதி வாங்கி, நாலு பேர் சேர்ந்து கார் எடுத்துக்கொண்டு போவார்கள். பால்வீதி தலைக்கு மேல் வருகிற நேரத்துக்கு மேற்கிலிருந்து மேகம் வந்து மூடிவிடும். வாட்ஸப் குழுவில் ஒரு அழுமூஞ்சி போட்டுவிட்டு வழியில் புரோட்டா சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் எதிர்க்கட்சி. மேகம் வேண்டும், கூடவே நிலாவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருக்கிற ராத்திரிதான் எனக்கு நல்ல ராத்திரி. பால்வீதியை யார் எடுத்தாலும் அதே பால்வீதிதான், நேற்று இருந்த மேகம் இன்றைக்கு இருக்காது.

இதற்கு நான் போகிற இடம் ஆரல்வாய்மொழி. காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலைத் தாண்டியவர்கள் எல்லோருக்கும் அந்தக் காற்று தெரியும், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் தலைமுடி ஊர் போய்ச் சேரும்வரை அடங்காது. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில் ஒரு கணவாய். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக்குக் கிழக்கே போக அங்கே தாராளமாக ஒரு வாசல் கிடைக்கிறது. காற்றாலைகளை அங்கே கொண்டுபோய் நட்டதும் அதனால்தான். ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, ட்ரைபாட் பறக்கும்.

மேகம் அங்கே செய்கிற வேலையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமே அதுதான். கடலிலிருந்து வருகிற ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறுகிறது, ஏறினால் குளிர்கிறது, குளிர்ந்தால் ஈரம் மேகமாகிறது. மகேந்திரகிரி சுமார் 1,650 மீட்டர் உயரம், அந்த உச்சி ஆடி மாதத்தில் பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். மலையைத் தாண்டிய காற்று இந்தப் பக்கம், அதாவது பணகுடி பக்கம், கீழே இறங்குகிறது. இறங்கினால் சூடாகிறது, மேகம் கரைகிறது. நம் கண்ணுக்கு மலைமேல் ஒரு மேகத் தொப்பி அசையாமல் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும். ஆனால் அது ஒரே மேகம் இல்லை. மேற்குப் பக்கம் பிறந்துகொண்டே, கிழக்குப் பக்கம் செத்துக்கொண்டே இருக்கிறது. ஷட்டரை 20 நொடி திறந்து வைத்தால் அது பால் பொங்கி வழிவது போல மலை முகட்டிலிருந்து இறங்கிவந்து பாதிச் சரிவில் காணாமல் போவது படத்தில் தெரியும். இங்கே மழை ஏன் இல்லை, அந்தப் பக்கம் ஏன் பச்சை, இந்தப் பக்கம் ஏன் பனையும் உடைமரமும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த மழை மறைவுப் பிரதேசப் பாடம் முழுக்க அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

சரி, எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் எவ்வளவு வெளிச்சம் விடுவது என்கிற கணக்கு. இதற்கு ஆப் எதுவும் வேண்டாம், மனக்கணக்கே போதும். ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு, எஃப் எண் லென்ஸ் துவாரத்தின் அளவு, எண் குறைந்தால் துவாரம் பெரிது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, நூறில் ஒரு நொடி என்பது ஃபிலிம் காலத்துப் பழைய விதி. முழு நிலா சூரியனைவிட ஏறக்குறைய 4 லட்சம் மடங்கு மங்கல். அப்பர்ச்சரை, அதாவது அந்தத் துவாரத்தை, எஃப் 4-க்குத் திறந்தால் 16 மடங்கு வெளிச்சம் வந்துவிடும், ஐஎஸ்ஓவை 800 ஆக்கினால் இன்னும் 8 மடங்கு. மிச்சத்தை நேரத்தால் சரிக்கட்டினால் சுமார் 30 நொடி. அவ்வளவுதான். பௌர்ணமி அன்று எஃப் 4, ஐஎஸ்ஓ 800, 30 நொடி வைத்தால் படம் பகலில் எடுத்த மாதிரியே வரும். வானம் நீலமாக இருக்கும், பனைமரத்துக்கு நிழல் இருக்கும், செம்மண் சிவப்பாக இருக்கும், கூடவே நட்சத்திரமும் இருக்கும். அதனால் ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி, எடுக்கிறேன், ராத்திரி ராத்திரியாகத் தெரிய வேண்டாமா. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: அரை நிலா என்றால் வெளிச்சம் பாதி என்று நினைத்துவிடக் கூடாது, முழு நிலாவில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். நிலாவின் தரை கரடுமுரடு, பக்கவாட்டில் வெயில் விழும்போது பள்ளங்களின் நிழலே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும். அதனால் பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள், அதுதான் காலம்.

எத்தனை நொடி என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. இணையத்தில் பார்க்கிற லாங் எக்ஸ்போஷர் மேகம் முக்கால்வாசி நாலு நிமிஷம், ஐந்து நிமிஷம் திறந்து வைத்து எடுத்தது, எல்லாம் வழுவழு என்று பட்டுத்துணி விரித்த கணக்கில் இருக்கும். அதில் மேகம் எங்கே? காற்று எந்தப் பக்கம் அடித்தது, எவ்வளவு வேகம், மேகம் கிழிந்ததா, சுருண்டதா, ஒன்றும் தெரியாது. தாழ்வான மேகம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்குப் பத்து மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், தலைக்கு மேலே அது 30 நொடியில் பதினேழு டிகிரி நகர்ந்துவிடும். கையை நீட்டி விரல்களை விரித்துப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்த அளவு. ஆடிக் காற்றில் 10 முதல் 20 நொடிக்குள் எடுத்தால் மேகத்தின் உருவமும் இருக்கும், ஓட்டமும் இருக்கும். அதற்கு ஐஎஸ்ஓவை 1600-க்கு ஏற்ற வேண்டி வந்தால் ஏற்றிவிடுவேன், படத்தில் புள்ளி புள்ளியாகக் கொஞ்சம் நாய்ஸ் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். ஐப்பசியிலோ மாசியிலோ மேகம் சோம்பலாக நகர்கிற நாளில் இரண்டு நிமிஷம் தேவைப்படலாம். காற்றாலை இறக்கைகள் 20 நொடியில் ஒரு மெல்லிய வெள்ளைத் தட்டாகிவிடும், அதன் வழியாகப் பின்னாடி இருக்கிற மலை தெரியும். எனக்கு அது பிடித்திருக்கிறது. இறக்கை உறைந்து நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பகலில் வரட்டும்.

இனி கலர். படத்தைக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் கேட்பது, "கலர் ஏத்தியிருக்கியா?" முப்பந்தல் பக்கம் டீக்கடை அண்ணாச்சி மட்டும் வேறு மாதிரி கேட்டார்: "தம்பி, இது விடியக்காலமா?" அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. வெளிச்சம் குறைந்தால் நம் கண்ணில் நிறம் பார்க்கிற கூம்பு செல்கள் கையை விரித்துவிடும், குச்சி செல்கள் மட்டும் வேலை செய்யும், அவற்றுக்கு நிறம் தெரியாது. நிலா வெளிச்சத்தில் செம்மண் நமக்குச் சாம்பலாகத் தெரிகிறது, அவ்வளவுதான், மண் தன் சிவப்பை எங்கேயும் கழற்றி வைத்துவிடவில்லை. நிலா வெளிச்சம் சூரிய வெளிச்சம்தான், ஒரு கல்லில் பட்டுத் திரும்பி வந்தது. அதே காற்று அதே மாதிரி நீலத்தைச் சிதறடிக்கிறது. ஆக ராத்திரி வானமும் நீலம்தான், கேமராவுக்குப் பொறுமை இருப்பதால் அதற்குத் தெரிகிறது.

மற்ற நிறங்கள் பெரும்பாலும் நாம் பண்ணியவை. நாகர்கோவில் பக்கம் வானம் கீழிருந்து வெளிச்சம் வாங்கும். சோடியம் விளக்குக் காலத்தில் எடுத்த என் பழைய படங்களில் அந்த மேகங்கள் எல்லாம் நல்ல ஆரஞ்சு. தெருவிளக்கு எல்இடி ஆக ஆக அந்த ஆரஞ்சு வெளுத்துக்கொண்டே வருகிறது, இப்போது ஒரு மாதிரிச் சாம்பல் வெள்ளை, ஓரத்தில் மட்டும் பழைய மஞ்சள். எனக்கு அந்த ஆரஞ்சு போனதில் வருத்தம்தான், அதற்காகச் சோடியம் விளக்கைத் திரும்ப வை என்று மனு கொடுக்க முடியாது. ஊருக்கு மேல் மேகம் வந்தால் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் வானம் பல மடங்கு வெளிச்சமாகிவிடும். விளக்கே இல்லாத இடத்தில் இதற்கு நேர் எதிர், மேகம் நட்சத்திர வெளிச்சத்தையும் மறைத்து வானத்தை இன்னும் கறுப்பாக்கும். கணவாயில் நின்றால் ஒரே சட்டத்துக்குள் இரண்டும் கிடைக்கும், இடது பக்கம் ஊர் மேகம், வலது பக்கம் மலை மேகம், முதலாவது வெளுத்துப்போய், இரண்டாவது கருநீலத்தில். அமாவாசை இரவில் மேகம் விலகிய இடைவெளிகளில் மங்கலாகப் பச்சை வந்தால் பயப்பட வேண்டாம், லென்ஸ் கோளாறு இல்லை. சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் தாமாகவே விடுகிற வெளிச்சம் அது, துருவ ஒளியிலும் அதே பச்சைதான், இங்கே ரொம்ப மெலிதாக எல்லா இரவிலும் இருக்கிறது. பலர் அதை எடிட்டில் துடைத்துவிடுகிறார்கள், பாவம்.

ஒயிட் பேலன்ஸை, அதாவது எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்கிற அமைப்பை, ஆட்டோவில் விட்டால் கேமரா தானே ஏதோ முடிவு செய்து படத்துக்குப் படம் மாற்றும். நான் 4000 கெல்வினில் நிறுத்திவிடுவேன், ரா (RAW) என்கிற பதப்படுத்தாத ஃபைலாக எடுப்பதால் வீட்டில் வந்து அங்கே இங்கே நகர்த்தலாம். நிறத்தை அடர்த்தியாக்குகிற சாச்சுரேஷன் பக்கம் போவதே இல்லை. இருக்கிற நிறமே நம்ப முடியாத அளவுக்கு இருக்கும்போது அதையும் ஏற்றினால், நிஜமான கலரைப் பொய் என்று சொல்கிறவர்களுக்கு நாமே சாட்சி எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகும்.

இன்னொன்று, சூரியன் மறைந்ததும் பையைக் கட்டாதீர்கள். நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குகிறது, அந்தி சீக்கிரம் முடிந்துவிடும், மறைந்து அரை மணி நேரத்தில் கண்ணுக்கு இருட்டிவிட்டது. ஆனால் அதற்கு அடுத்த இருபது நிமிஷம் மேற்கே மலைக்குப் பின்னாடி ஊதாவும் கத்தரிப்பூ நிறமும் இன்னும் இருக்கிறது, 15 நொடி வைத்தால் வரும். பௌர்ணமி அன்று அதே நேரத்தில் முதுகுப் பக்கம் நிலா ஏறிக்கொண்டிருக்கும். மலை மேகத்துக்கு முன்னாலிருந்து நிலா வெளிச்சம், பின்னாலிருந்து அந்தி வெளிச்சம். இந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் நான் சாயங்காலம் டீயை வேகமாகக் குடிப்பது.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் யாராவது கேமராவை உடைத்துக்கொண்டு என்னைத் திட்டுவார்கள். ட்ரைபாடின் நடுத் தண்டை உயர்த்தவே கூடாது, கால்களையும் பாதிக்கு மேல் நீட்ட வேண்டாம், தரையோடு உட்கார்ந்து எடுங்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள், அது படபடவென்று அடிப்பதே போதும் படம் கலங்க. ட்ரைபாடில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள், இங்கே பை ஊஞ்சலாடும், பையின் அடி தரையைத் தொடுகிற மாதிரிக் கட்டுங்கள். கார் இருந்தால் அதன் மறைவில் நில்லுங்கள். ஃபோகஸுக்குத் தூரத்துக் காற்றாலை உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கை கேமரா திரையில், லைவ் வியூவில், பெரிதாக்கிச் சரிசெய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டால் விடியும்வரை தொட வேண்டாம். காற்றாலை நிற்கிற நிலங்கள் தனியாருடையவை, வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோ வளாகம் இருக்கிறது, அந்தப் பக்கம் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு போவது புத்திசாலித்தனம் இல்லை. மேற்கே காடு, அங்கேயும் ராத்திரியில் வேலை இல்லை. டார்ச் இல்லாமல் காலை வைக்காதீர்கள், பாம்பு இருக்கும்.

கடைசியாக, இந்த இடத்துக்கே உரிய ஒரு விஷயம். ஆடிச் சாரல் சில நாள் மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வரை தூவும். கிழக்கே மேகம் இல்லாமல் நிலா இருக்க, மேற்கே சாரல் விழுந்தால் நிலா வெளிச்சத்தில் வானவில் வரும். நிலா 42 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும், அதாவது பௌர்ணமியை ஒட்டி நிலா உதித்த மூன்று மணி நேரத்துக்குள். நான் பார்த்தபோது கண்ணுக்குத் தெரிந்தது மலைமேல் ஒரு வெளுத்த வளைவு மட்டும், மேகத்தின் ஓரமோ என்று நினைக்க வைக்கிற அளவுக்கு நிறமே இல்லாத ஒன்று. லென்ஸில் விழுந்த சாரலைத் துடைத்துத் துடைத்து 20 நொடி வைத்து எடுத்ததில் சிவப்பிலிருந்து ஊதா வரைக்கும் வரிசையாக இருந்தது. எடிட்டில் நான் செய்தது லென்ஸில் மிச்சமிருந்த இரண்டு துளிகளை நீக்கியது மட்டும். இதை முகநூலில் போட்டதற்கும் முதல் கமெண்ட், எந்த ஆப் என்றுதான்.

செப்டம்பர் பாதிக்கு மேல் காற்று அடங்கத் தொடங்கிவிடும். போகிறவர்கள் ஆவணி பௌர்ணமிக்குள் போய்விடுங்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னால் பணகுடி பக்கம் இருந்தால் மலையையும் மேகத்தையும் ஒருமுறை வெளிச்சத்தில் பார்த்து வைத்துக்கொள்ளலாம். மைக்ரோஃபைபர் துணி இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் பறந்துவிடும்.