மாமனாருக்கே மனைவியான கதை

பென்ஷன் ஆணையில் மனைவியின் கணவர் பெயரைச் சரிசெய்யப் பதினான்கு மாதம் அலைந்தேன். திருத்திய ஆணை (பிபிஓ) போன வாரம்தான் கைக்கு வந்தது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

வினை 1993-லேயே ஆரம்பித்துவிட்டது. பட்டாளத்தில் சேரும்போது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா பெயர் முன்னால் போனது, என் பெயர் பின்னால். வடக்கே முன்னால் நிற்பதுதான் ஆளின் பெயர். ஜபல்பூரில் முதல் நாள் ஃபாலினில் (அணிவகுப்பு வரிசையில்) பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் அப்பா பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். ஊரில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பவரை இங்கே எதற்குத் தேடுகிறார் என்று நான் விறைப்பாக நின்றேன். பிட்டு என்ற முதுகுப்பை மூட்டையை ஏற்றி மைதானத்தை ஆறு சுற்று ஓடவிட்டார்கள். அதன்பின் பதினேழு வருடம் அப்பா பெயருக்குத்தான் 'ஹாஜிர்' (உள்ளேன் ஐயா) சொன்னேன்.

முதல் மணியார்டர் படிவத்தை யூனிட் கிளார்க் நிரப்பினார். அனுப்புநர் அப்பா, பெறுநரும் அப்பா. "என்ன பெரியவரே, உங்களுக்கு நீங்களே பணம் போட்டுக்கிறீங்களா?" என்று தபால்காரர் கேட்டாராம். பணத்தை அவர் இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்.

சரி, சிரித்துவிட்டு மறந்தோம். கல்யாணமான பிறகு வந்த பார்ட் டூ ஆர்டரையும் (கல்யாணம் போன குடும்ப விவரத்தை ரெக்கார்டில் ஏற்றும் உத்தரவு) நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. குடும்ப பென்ஷனுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனபோதுதான் கவுண்டரில் இருந்தவர் கேட்டார்: "ஆதாரில் இந்தம்மாவுக்குக் கணவர் வேறு ஆளாக இருக்காரே?" ரெக்கார்டில் என் மனைவியின் கணவர் என்று அப்பா பெயர் மட்டும் இருந்தது. பக்கத்தில் நின்றவள் எட்டிப் பார்த்தாள். "அப்போ என்னை மாமாவுக்கா கட்டி வச்சாங்க?" வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

கவுண்டர்காரர் சிரிக்கவில்லை. "இரண்டு பெயரும் ஒருவரே" என்று பிரமாணப் பத்திரம் கேட்டார். நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிப் போனேன்; மாஜிஸ்திரேட் கையெழுத்துதான் வேண்டும் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் எழுபது கிலோமீட்டர் பஸ் பயணம் மிஞ்சியிருக்கும். மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு போன நாளில் அவர் லீவு. மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டார். ஆனால் பட்டாளத்தின் ரெக்கார்ட்ஸ் ஆபீசிலிருந்து நாலு மாதத்தில் கட்டு அப்படியே திரும்பி வந்தது: பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பக்கத்தின் நகல் இல்லையாம்.

இதே அலைச்சலில் இருப்பவர்கள், டிஸ்சார்ஜ் புக்கின் வெற்றுப் பக்கத்தைக்கூட விடாமல் நகலெடுங்கள். ஒவ்வொரு தாளிலும் ஆர்மி நம்பரை எழுதுங்கள். பெயர் குழம்பினாலும் நம்பர் குழம்பாது. இன்னும் சர்வீஸில் இருக்கும் தம்பிகளே, இன்றைக்கே யூனிட் ஆபீசில் உங்கள் பார்ட் டூ ஆர்டரை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். அங்கே இருக்கும்போதே திருத்துவது எவ்வளவோ சுலபம்.

புது ஆணையை என் மனைவி கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தாள். இப்போது அது மாமனார் படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது.