தண்ணீரில் கண்டம் என்றார்கள்

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் இருந்ததாம். அதனால் பினாங்கில் பிறந்து வளர்ந்தும் 22 வயது வரை நான் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்கியதில்லை. பத்து ஃபெரிங்கி கடற்கரைக்குப் போனால் அம்மா என் கையை விடவே மாட்டார். அந்த நான்தான் மலேசியக் கடற்படைக்கு அதிகாரி கேடட்டாக விண்ணப்பித்தேன்.

ஆசையை விதைத்தவர் அப்பா. பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பல் பேச்சு வந்தாலே தனபாலசிங்கம் பெயரை எடுத்துவிடுவார். 1936-இல் பிறந்த கோலாலம்பூர்ப் பையன், விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் மாணவர். 1955-இல் கேடட்டாகச் சேர்ந்து, இங்கிலாந்தில் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி எடுத்தார். அன்றைக்கு நம் கடற்படையின் தளம் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருந்தது. கடற்படைத் தளபதி நாற்காலியில் பிரிட்டிஷ்காரர்களும் ஆஸ்திரேலியர்களும் மட்டுமே உட்கார்ந்திருந்தார்கள். 1967 டிசம்பரில் அந்த நாற்காலி இவருக்கு வந்தது. வயது 31. "நம்ம பிள்ளைடா, பன்னிரண்டே வருஷத்துல!" என்று அப்பா சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். முதல் முட்டுக்கட்டை என் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், எஸ்பிஎம் என்ற பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழில் இன்னொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் எடுத்து இணைத்தேன். நம் பிள்ளைகள் பலருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஓட்டத் தேர்வுக்காகத் தினமும் விடியற்காலையில் தண்ணீர்மலைப் பக்கம் 2.4 கிலோமீட்டர் ஓடினேன். அது பழகிவிட்டது.

நீச்சல் பழகவில்லை. குளத்தில் கற்றுத்தந்த அண்ணன் முதல் வாரம் முழுக்க முகத்தை மட்டும் நீருக்குள் வைக்கச் சொன்னார். முகம் நனைந்ததும் நெஞ்சு அடைக்கும்; விளிம்பை இறுகப் பிடித்துக்கொள்வேன், விரல் நுனியெல்லாம் வெளுத்துவிடும். "தம்பி, மூச்சை அடக்காதே, மூக்கால ஊதி விடு" என்றார். ஊதினேன், குமிழ்கள் கன்னத்தை உரசிக்கொண்டு மேலே போயின. அன்றுதான் பயம் கொஞ்சம் இளகியது. ஒரு முழு நீளம் நீந்த மூன்று மாதம் ஆனது.

மருத்துவச் சோதனையில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டினார்கள். இது எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. பிறகுதான் புரிந்தது: இரவில் ஒரு கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். நிறம் பிரியாத கண்ணால் அது முடியாது.

நேர்முகத் தேர்வில் நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். நான்கு மாதத்துக்கு முன் தெரியாது, இப்போது தெரியும் என்று உள்ளதைச் சொன்னேன். ஏன் அப்போது தெரியாது என்றார்கள். ஜாதகக் கதையை மலாயில் விளக்குவதற்குள் வேர்த்துவிட்டது. ஆனால் அந்த ஒரு பதிலுக்குத்தான் அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அப்புறம் லுமுட் கடற்படைத் தளம். பயிற்சியில் உயரத்திலிருந்து ஆழமான குளத்தில் குதிக்கச் சொன்ன நாளில் கால் நடுங்கியது. கண்ணை மூடாமல் குதித்தேன்.

லெஃப்டினன் மூடா என்ற இளநிலை அதிகாரி ஆகி முதல் விடுப்பில் வந்தபோது, இரவு ஃபெரியில் அம்மாவும் நானும் கம்பியோரம் நின்றோம். தூரத்தில் தெரிந்த விளக்குகளைக் காட்டி, சிவப்பு இது, பச்சை இது என்று சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப ரெண்டும் சேர்ந்து தெரியுதே?" என்றார்.

"நம்மளப் பார்த்து நேரா வருதும்மா."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.