முதலில் நின்ற இடம் எது? அப்பாவின் இறப்புச் சான்றிதழுக்காக 19 நாள்

அப்பாவின் இறப்பைப் பதிவு செய்ய எனக்கு 19 நாள் ஆனது. 21 நாள் தாண்டியிருந்தால் தாமதக் கட்டணம், 30 தாண்டினால் மேலே இருந்து அனுமதி, ஒரு வருடம் தாண்டினால் கோட்டாட்சியர் வரைக்கும் மனு. இரண்டு நாள் இடைவெளியில் தப்பித்தேன். எந்த ஆபீஸ், எந்த கவுண்டர் என்று எழுதப் போவதில்லை. வீட்டு வரிக்கும் குடிநீருக்கும் நாளைக்கும் நான் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

எங்கள் வீடு ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவில். மே முதல் வாரம், ராத்திரி 11 மணிக்கு அப்பாவுக்கு மூச்சுத் திணறல். பக்கத்து மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்து, கோவைக்குக் கொண்டு போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்கள். 108-ல் கிளம்பினோம். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது நாடி நின்றுவிட்டது. வண்டியில் இருந்த உதவியாளர் அடிவாரம் வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே வந்தார். மலை இறங்கியதும் முதலில் கண்ணில் பட்ட மருத்துவமனையில் நிறுத்தினோம். டாக்டர் பார்த்துவிட்டு, வரும்போதே உயிர் இல்லை என்றார். நெடுநாள் இதய நோயாளி, பழைய சீட்டெல்லாம் கையில் இருந்ததால் போஸ்ட்மார்ட்டம் இல்லாமல் கொடுத்தார்கள். 108 உடலை ஏற்றாது. அமரர் ஊர்தி வந்தது. விடிவதற்குள் வீடு சேர்ந்தோம்.

என் முதல் தவறு அங்கேதான். அந்த டாக்டர் எழுதிய சீட்டை நான் கேட்டு வாங்கவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்? ஆனால் கூட வந்த சொந்தக்காரர்களில் ஒருவருக்காவது தோன்ற வேண்டும். "இறந்த நிலையில் கொண்டு வரப்பட்டார்" என்ற வரியும், நேரமும், டாக்டர் கையெழுத்தும் உள்ள அந்த ஒரு தாள் அன்றே கையில் இருந்திருந்தால் என் அலைச்சலில் பாதி குறைந்திருக்கும்.

ஐந்தாம் நாள் எங்கள் ஊர் உள்ளாட்சி அலுவலகம். பத்து மணிக்குத் திறக்க வேண்டியது, பத்தே முக்காலுக்கு ஆள் வந்தார்.

"எங்க இறந்தாரும்மா?"

"ஆம்புலன்ஸ்ல சார். பர்லியார் கிட்ட."

"அப்ப இங்க இல்ல. எங்க இறந்தாரோ அங்கதான் பதியணும். வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா? பொண்ணை அனுப்பி வெச்சிருக்காங்க."

சட்டப்படி அவர் முதலில் சொன்னது சரி. வசிக்கும் ஊரில் பதிய முடியாது, மரணம் நடந்த இடத்தில்தான் பதிய வேண்டும். ஆம்பளைங்க இல்லையா என்றதற்கு நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கு வரை அது உறுத்துகிறது. அப்பாவுக்குப் பிள்ளைகள் நானும் தங்கையும்தான். அப்பாவுக்குக் கொள்ளி வைத்ததே நான்தான்.

எட்டாம் நாள், அப்பாவை மேலே முதலில் சேர்த்திருந்த மருத்துவமனை இருக்கும் ஊரின் அலுவலகம். "இங்கிருந்து உயிரோடதானே போனாரு" என்றார்கள். அதுவும் நியாயம்தான். பர்லியார் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். ஊராட்சிப் பகுதியில் பிறப்பு இறப்புப் பதிவு வி.ஏ.ஓ. கையில். அவரோ ஜமாபந்தி, அதாவது வருடாந்திரக் கணக்குத் தணிக்கை வேலையில் இருந்தார். மே, ஜூனில் வருவாய்த் துறையில் யாரைத் தேடினாலும் இதே பதில்தான் வரும், அவர்களுடைய கணக்கு ஆண்டான பசலி ஜூன் 30-ல் முடிகிறது இல்லையா. போனில் நல்லபடியாகவே பேசினார். ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "எந்த வளைவும்மா? கொஞ்சம் கீழ போனா கோயமுத்தூர் மாவட்டம் வந்துருமே." அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் வளைவை எண்ணிக்கொண்டா இருந்திருப்பேன்?

இதற்கு நடுவில் டீக்கடையில் ஒருவர் வழி சொன்னார். "வீட்டுலயே இறந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துருங்கக்கா. தெரிஞ்ச டாக்டர்கிட்ட ஒரு சீட்டு வாங்கிட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்." பொய்யாகப் பதிந்து பின்னால் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும் என்பதால் மறுத்தேன். மருத்துவமனையில் அனுப்பிய நேரம் இருக்கிறது, 108-ல் ஏற்றிய நேரம் இருக்கிறது, கீழே டாக்டர் எழுதிய நேரம் இருக்கிறது. அப்பா டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் வாங்க வேண்டும். அந்தக் காகிதத்தில் ஓட்டை இருந்தால் அவள் ஆயுசு முழுக்க இழுக்கும். நீங்களும் இந்தக் குறுக்கு வழியில் போகாதீர்கள்.

விஷயம் தெளிந்தது பதிமூன்றாம் நாள், காரியத்துக்கு வந்த பக்கத்துத் தெரு பெரியவரால். ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். நான் புலம்பியதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "வண்டி மொதல்ல எங்கம்மா நின்னுச்சு?"

அவ்வளவுதான் விஷயம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. அதன் கீழ் தமிழ்நாடு 2000-ல் போட்ட விதிகளில் ஆறாவது விதி இதற்கென்றே இருக்கிறது. ஓடும் வண்டியில் பிறந்தாலோ இறந்தாலோ, வண்டிக்குப் பொறுப்பானவர் அது முதலில் நிற்கும் இடத்தில் தகவல் கொடுக்க வேண்டும். எந்த வளைவு, எந்த மாவட்டம் என்ற ஆராய்ச்சியே தேவையில்லை. மலையில் குடியிருக்கும் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். பெரிய வைத்தியத்துக்கு நாம் எல்லோரும் இறங்கித்தான் போகிறோம், வழியில் போகிற உயிர் நிறைய. ஆனாலும் நான் ஏறிய ஒரு கவுண்டரில்கூட இதைச் சொல்ல ஆள் இல்லை. பெரியவர் விதியைத் தன் கையால் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

பதினாறாம் நாள் கீழே இறங்கினோம். மாமாவின் கார், கோவைப் பதிவு. மலர்க் கண்காட்சி நேரம் என்பதால் குன்னூர் பாதை ஏறுவதற்கு மட்டும், இறங்குவதற்குக் கோத்தகிரி என்று திருப்பி விட்டார்கள். திரும்பி வரும்போது இ-பாஸ் கேட்டு நிறுத்தினார்கள். 2024 மே முதல் இருக்கிற நடைமுறைதான், டி.என்.43 என்கிற நீலகிரிப் பதிவு வண்டிக்கு வேண்டாம். மாமாவுக்கு மறந்துவிட்டது, சாலையோரம் நின்று போனில் எடுத்தோம். சீசனில் ஆபீஸ் வேலையாக இறங்குகிறவர்கள் பஸ்ஸில் போங்கள், அதுவும் முதல் பஸ்ஸில்.

அன்றைக்கு நிறுத்திய அடிவார மருத்துவமனையில் தேதியும் நேரமும் சொன்னதும் பதிவேட்டைத் தேடி எடுத்து அன்றே நகல் கொடுத்தார்கள். கீழே பதிவு செய்கிற இடத்தில் பெரியவர் எழுதிய தாளைக் காட்டினேன். அந்த அலுவலர் படித்துவிட்டு, "சரிதான், ஆனா தகவல் குடுக்க வேண்டியது நீங்க இல்ல, வண்டிக்காரங்க" என்றார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் விதியில் அப்படித்தான் இருக்கிறது, நானே காட்டிய விதி.

அன்றைக்கு வண்டியில் இருந்த உதவியாளரைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். 108 வண்டி நிற்கும் இடத்தில் போய் விசாரித்தால் நைட் ஷிப்ட் என்றார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, பனியில், தங்கையோடு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். "அப்பாவைக் காப்பாத்த முடியலக்கா" என்பதுதான் முதல் வார்த்தை. நான் காகிதத்தைப் பற்றிப் பேசவே கொஞ்ச நேரம் ஆனது. அவரும் டிரைவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள், வண்டியின் பதிவுத் தாள் நகலையும் வாங்கித் தந்தார்கள். மறுநாள், பத்தொன்பதாம் நாள், பதிவு முடிந்தது. எங்கேயும் யாரும் காசு கேட்கவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு நாளில் சான்றிதழ் இணையத்தில் ஏறியது. போனில் இறக்கிப் பார்த்தால் தாத்தா பெயரில் தப்பு. இது என் இரண்டாவது தவறு. தாத்தா சிலோனில் இருந்து, தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்தவர். மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கொடுத்த குடும்ப அட்டை எங்கள் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும். ஒரு பாதுகாப்புக்கு என்று அதன் நகலையும் கட்டோடு சேர்த்துக் கொடுத்திருந்தேன். தாத்தா பெயர் "கருப்பு" என்று தொடங்கும். சிலோனில் எழுதும் வழக்கப்படி அட்டையில் றகரம், அப்பாவின் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் ரகரம். தட்டச்சு செய்தவர் பழைய அட்டையைப் பார்த்து அடித்துவிட்டார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், தமிழில்தான் வம்பு. கேட்காத காகிதத்தைக் கொடுக்காதீர்கள். கேட்டதை மட்டும், கேட்ட வரிசையில் கொடுங்கள். பதிவு செய்யும்போதே திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டச் சொல்லி ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். தயங்காதீர்கள், பெரும்பாலும் காட்டுகிறார்கள். எழுத்துப் பிழையைப் பதிவாளரே திருத்தலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆதார் நகலோடு இன்னொரு தரம் இறங்கினேன். இந்த முறை பஸ்.

திருத்திய சான்றிதழை அம்மாவிடம் கொடுத்தேன். இறந்த இடம் என்ற கட்டத்தைப் படித்துவிட்டு, "அந்த ஊர்ல அவரு எறங்கவே இல்லையே" என்றாள்.

இந்த அலைச்சலோடு ஒப்பிட்டால் வாரிசுச் சான்றிதழ் ஒன்றுமே இல்லை. இ-சேவை மையம், அங்கே விண்ணப்பிக்கத் தேவையான கேன் எண், 60 ரூபாய். மையத்தில் இருந்த பையன் "கல்யாணமாகிப் போன தங்கச்சி பேரும் போடணுமாக்கா?" என்றான். போட்டே ஆக வேண்டும், விட்டால் பின்னால் சொத்து மாற்றும்போது நிற்கும். ஒரு முறை திரும்பி வந்தது, அப்பாவின் அம்மா உயிரோடு இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்டு. தாயும் வாரிசு என்பதால் கேட்கிறார்கள். பாட்டி இறந்தது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடான லயன் வீட்டில், நான் பிறப்பதற்கு முன்பு. அதை யார் பதிந்தார்கள்? விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் பழைய ஆட்கள் இரண்டு பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார். உங்கள் வீட்டில் இப்படிப் பதியாத சாவு இருந்தால், அதைத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே வேலையை முடித்துக்கொள்ளுங்கள். எங்களுக்குச் சாட்சி சொன்னவர்களில் ஒருவருக்கு வயது 84. ஆய்வாளர் கேட்டதற்கு எஸ்டேட்டில் எத்தனையாவது லயன், அன்றைக்கு என்ன மழை என்பது வரைக்கும் சொன்னார்.

வங்கிக் கணக்கு ஒரே நாளில் முடிந்தது. பென்ஷன் கேட்கும் பி.எஃப். படிவமான 10டி கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. தாத்தா பெயரில் இருப்பது ரகரமா றகரமா என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.