புது கம்ப்யூட்டரில் கேம் திணறியது: நான் தேடிய இடமும் கோளாறு இருந்த இடமும்

எங்கள் ஊர் செங்கோட்டை. போன சாரலில்தான் முதன்முறையாக சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். ஐ5 12400எஃப் பிராசசர், 16 ஜிபி ரேம், 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் எல்லாம் புதுசு. ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு மட்டும் பழசு. புனலூரில் இருக்கும் அத்தான் எர்ணாகுளத்தில் தெரிந்தவரிடம் வாங்கி, பாலருவி எக்ஸ்பிரஸில் மடியில் வைத்தே கொண்டுவந்து கொடுத்தார்.

ஜிடிஏ 5 போட்டேன். முதல் இரண்டு மூன்று நிமிடம் அருமையாக ஓடியது. அப்புறம் 25 எஃப்.பி.எஸ்.சுக்கு, அதாவது நொடிக்கு 25 படத்துக்கு இறங்கி, வண்டி ஓட்டவே முடியாதபடி விக்கியது. மூடித் திறந்தால் மறுபடி கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், பிறகு அதே கதை.

புதுசெல்லாம் சரியாக இருக்கும், பழசுதான் பழுது என்று மனசு முடிவு கட்டிவிட்டது. பதிமூன்று கண் பாலம், குகை எல்லாம் தாண்டி ரயிலில் குலுங்கி வந்த கார்டு வேறு. டிரைவரைச் சுத்தமாக அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். எச்டிஎம்ஐ கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பார்த்தேன். மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் கிடந்தது, அதை 144 ஆக்கினேன். கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். இரண்டு நாள் போனதுதான் மிச்சம். அத்தானுக்கு போன் செய்து, கார்டு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கிடுதேன். அதுக்கு முன்ன, விக்கும்போது கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்யுதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு மாப்ள" என்றார்.

முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அதுதான். கார்டு, பிராசசர் நிலவரத்தைக் காட்டும் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஓடும்போதே திரை ஓரத்தில் எண்கள் தெரியும்படி வைத்தேன். ஆரம்பத்தில் கார்டு 97 சதவீதம். எஃப்.பி.எஸ். விழுந்தபோது 30 சதவீதம், சூடு 55 டிகிரி. எஃப்.பி.எஸ்.சுக்கு நாம் வரம்பு எதுவும் வைக்காதபோது கார்டு 95க்கு மேல் நின்றால் அது தன்னால் முடிந்ததைச் செய்கிறது என்று அர்த்தம். 30இல் நின்றால் அதற்கு யாரோ வேலை கொடுக்கவில்லை. பக்கத்து வரியில் பிராசசர் 100 டிகிரி காட்டியது. வேகம் ஒன்றரை கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே. 100 டிகிரிதான் அந்த பிராசசரின் எல்லை. அதைத் தொட்டால் வெந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், கார்டுக்கும் வேலை போய்ச் சேராது. சாரலில் வீடே சில்லென்று கிடந்ததால் சூடு என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

கேபினெட்டைத் திறந்தேன். பிராசசர்மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரை மேலிருந்து பார்த்தால் நாலு காலும் இறங்கினமாதிரிதான் இருந்தது. மதர்போர்டை வெளியே எடுத்துத் திருப்பியதும்தான் தெரிந்தது: மூன்று துளையில் வெள்ளைக் கால் விரிந்து, நடுவில் கறுப்பு ஊசி எட்டிப் பார்த்தது. நாலாவதில் ஊசியைக் காணோம். பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறது.

நாலையும் கழற்றி, பிராசசர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன். இந்த முறை போர்டை மேசைமேல் வைத்தே, ஒரு மூலையை அழுத்தினால் அடுத்து அதற்கு எதிர்மூலை என்று அழுத்தினேன். ஒவ்வொன்றும் 'டக்'கென்று சத்தம் கொடுத்தது. அந்தச் சத்தம் வராவிட்டால் விடவே கூடாது. கேபினெட்டுக்குள் போர்டை முடுக்குவதற்கு முன்பே கூலரை மாட்டிப் பின்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

போர்டு கையில் இருந்ததால் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு ரேமையும் ஒட்டி ஒட்டி முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டிருந்தேன். அப்படிப் போட்டால் ஒரே சேனல்தான், அதாவது ரேமுக்குப் போகும் இரண்டு வழியில் ஒன்றுதான் வேலை செய்யும். இரண்டாவதுக்கும் நாலாவதுக்கும் மாற்றினேன். போர்டின் பயாஸ் செட்டிங்கில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ததும் 2133இல் ஓடிக்கொண்டிருந்த ரேம், பெட்டியில் போட்டிருந்த 3200க்கு வந்தது.

ஜிடிஏ ஒரு மணி நேரம் ஓடியது. எஃப்.பி.எஸ். 110க்குக் கீழே இறங்கவில்லை. பிராசசர் 4 கிகாஹெர்ட்ஸில் நின்றது.

ராத்திரியே அத்தானுக்கு போன் போட்டு, கார்டில் ஒரு குறையும் இல்லை, நான்தான் கூலரைச் சரியாக மாட்டவில்லை, மன்னிச்சிருங்க என்றேன்.

"அது கெடக்கட்டும். இப்ப சூடு எவ்வளவு?"

"68 அத்தான்."

"அப்ப வெள்ளிக்கிழமை சும்மா வாரேன். எனக்கும் ஒரு ஆட்டம் போட்டுக் காட்டு."

வந்தார். ஞாயிறு சாயங்காலம்தான் திரும்பிப் போனார்.