ரால்ஸ்டனின் பழைய கடிதம்

அக்டோபர் 29

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கனடாவின் பிரதமராக இருந்த மெக்கன்சி கிங்கின் நாட்குறிப்பை இணையத்தில் படித்துக்கொண்டிருக்கிறேன். 1944-க்கு வந்துவிட்டேன். மனம் போவதெல்லாம் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஜேம்ஸ் லேட்டன் ரால்ஸ்டன் பக்கம்தான். நோவா ஸ்கோஷியாவைச் சேர்ந்த வழக்கறிஞர். முதல் உலகப் போரில் 85-ஆவது பட்டாலியனுக்குத் தலைமை தாங்கியவர்.

அக்டோபர் 30

கட்டாய ராணுவ சேவை என்றாலே பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் ஏன் அத்தனை கொதிப்பு என்று புரிய 1918-க்குப் போக வேண்டும். அந்த ஈஸ்டர் நாட்களில் கட்டாய சேவையை எதிர்த்துக் கலவரம் மூண்ட கியூபெக் நகரத் தெருவில் பொதுமக்கள் நான்கு பேரை ராணுவம் சுட்டுக் கொன்றது. அதனால்தான் அடுத்த போரில், கட்டாயப்படுத்தி யாரையும் கடல் கடந்து அனுப்பமாட்டோம் என்று கிங் அரசினர் வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கிலிருந்து தங்களை விடுவிக்கச் சொல்லி 1942 ஏப்ரல் 27-இல் பொதுவாக்கெடுப்பு. நாடு சரி என்றது. கியூபெக்கில் 70 சதவீதத்துக்கு மேல் மறுத்தார்கள்.

அப்புறமும், கட்டாயத்தில் சேர்ந்தவர்களைக் கடல் கடந்து அனுப்பாமல் கிங் இழுத்தடித்தார். அதை ஏற்காமல் அந்த ஜூலையில் ரால்ஸ்டன் ராஜினாமா கடிதம் கொடுத்தார். கிங் சமாதானம் பேசி அவரை இருத்திக்கொண்டார். ஆனால் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

நவம்பர் 1

1944-இல் இதே தேதி. ரால்ஸ்டன் இத்தாலிக்கும் வடமேற்கு ஐரோப்பாவுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். காலாட்படையில் ஆள் போதவில்லை, இன்னும் 15,000 பேர் வேண்டும் என்றார். கட்டாயத்தில் சேர்க்கப்பட்டவர்கள் பல்லாயிரம் பேர் உள்நாட்டு முகாம்களில் இருந்தார்கள். ஊரார் அவர்களை ‘ஜாம்பி’ என்று ஏசினார்கள்.

அமைச்சரவை கூடியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன் கொடுத்த ராஜினாமாவை ரால்ஸ்டன் திரும்பப் பெறவே இல்லை, இப்போது அதை ஏற்கிறேன் என்கிறார் கிங். ரால்ஸ்டன் எழுந்து, சக அமைச்சர்களிடம் கைகுலுக்கிவிட்டு வெளியேறுகிறார். ஒருவர்கூட அவர் பின்னால் போகவில்லை. இந்த இடத்தைத் தாண்டி இன்று படிக்க முடியவில்லை. நாட்டைப் பிளவுபடாமல் காக்க நினைத்தார் கிங், அது எனக்குப் புரிகிறது. அந்தக் கடிதத்தை எடுத்த விதத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவம்பர் 23

தாமாக முன்வந்து சேருகிறவர்களை வைத்தே சமாளிக்கலாம் என்று நம்பி வந்த புதிய அமைச்சர் ஜெனரல் மெக்நாட்டனுக்கும் ஆள் கிடைக்கவில்லை. மூன்றே வாரத்தில் கிங் இறங்கி வந்தார். கட்டாயத்தில் சேர்ந்தவர்களில் 16,000 பேரைக் கடல் கடந்து அனுப்ப உத்தரவு. இதை ஏற்க முடியாமல் விமானப்படை அமைச்சர் பவர் விலகினார். ரால்ஸ்டனை யாரும் திரும்ப அழைக்கவில்லை.