எட்டு வருஷமா, நாலு வருஷமா?

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகனோடு உட்கார்ந்து ‘ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்’ மறுபடி பார்த்தேன். படம் ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டான். “அத்தை, அப்போ இந்தக் கதை 2020-லயா நடக்குது?”

நல்ல கேள்வி. முதல் காட்சியில் படத்தின் வில்லன் ஏட்ரியன் டூம்ஸ் நியூயார்க் சண்டையின் இடிபாடுகளை அள்ளிக்கொண்டிருக்கிறார். இந்த மார்வெல் படங்கள் எல்லாம் ஒரே கதை உலகம்; அது ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் நடந்த சண்டை. ஆண்டு 2012, அதில் சந்தேகமே வேண்டாம். ‘எண்ட்கேம்’ படத்தில் அதே நாளுக்குத் திரும்பிப் போகும்போது திரையிலேயே 2012 என்று போடுகிறார்கள். இங்கே டூம்ஸ் காட்சி முடிந்ததும் ‘8 ஆண்டுகளுக்குப் பிறகு’ என்று எழுத்து வருகிறது. கூட்டினால் 2020. படம் வெளியானதோ 2017-ல்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கை ஆரம்பித்தோம்.

‘சிவில் வார்’ சண்டைக்கு ஜெர்மனி போனதை ஸ்பைடர்மேனான பீட்டரே வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். மீதிக் கதை அதிலிருந்து சில மாதங்களுக்குள் நடக்கிறது. ஆக, ‘சிவில் வார்’ எந்த ஆண்டோ, ஏறக்குறைய இதுவும் அதுதான். அந்தப் படத்தில் அவெஞ்சர்ஸ் குழுவில் ஒருவனான விஷன் ஒரு கணக்குச் சொல்வான்: ஸ்டார்க் தன்னை அயர்ன் மேன் என்று அறிவித்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. ‘அயர்ன் மேன்’ வந்தது 2008. எட்டைக் கூட்டினால் 2016. ‘ஹோம்கமிங்’ முடிகிற இடத்தில் ஸ்டார்க்கின் உதவியாளர் ஹேப்பி சட்டென்று மோதிரத்தை எடுத்து நீட்டி, 2008-லிருந்து இதைச் சுமக்கிறேன் என்பாரே, அதுவும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அந்த வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் பையனை ஒப்புக்கொள்ள வைத்தது ‘இன்ஃபினிட்டி வார்’தான். அதன் வில்லன் தானோஸ் நியூயார்க்குக்குப் படை அனுப்பியதிலிருந்து ஆறு வருஷமாக என் தலைக்குள்ளேயே இருக்கிறான் என்று ஒரு விண்கப்பலில் வைத்து ஸ்டார்க் இன்னொரு ஹீரோவான டாக்டர் ஸ்ட்ரேஞ்சிடம் கொதிக்கிறார். 2012-ஓடு ஆறு, 2018. பீட்டரும் அந்தக் கப்பலில் இருக்கிறான். ‘ஹோம்கமிங்’ கதை அதற்குள் முடிந்துவிட்டது. “ஆறு வருஷத்துக்கு முன்னாடியே எட்டு வருஷம் எப்படி முடியும்?” என்று அவனே கேட்டு, தாளில் 8-ஐ அடித்து 4 என்று எழுதினான்.

எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. திரையில் போட்ட எழுத்து ஒரே ஒரு படத்தின் சொல். விஷனும் ஸ்டார்க்கும் போகிற போக்கில் சொன்ன ஆண்டுகள் மூன்று நான்கு படங்களைச் சேர்த்துக் கட்டியிருக்கின்றன. அவற்றைத்தான் நம்புவேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் என்னை உறுத்துகிறது. படம் தொடங்குவதே டூம்ஸ் கையிலிருக்கும் ஒரு குழந்தையின் ஓவியத்தில். க்ரேயானில் அவெஞ்சர்ஸ். வரைந்தது மகள் லிஸ் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். பீட்டர் காலத்தில் அவள் பள்ளியின் கடைசி வகுப்பு. பதினேழு வயது இருக்கும். நாலு வருஷம் என்றால் அந்த ஓவியம் பதின்மூன்று வயதுப் பெண் வரைந்தது. எட்டு வருஷம் என்றால் ஒன்பது வயது. அந்தக் காட்சிக்குத் திரும்பிப் போய், நிறுத்தி, இருவரும் கோடுகளை உற்றுப் பார்த்தோம்.

ஒன்பது வயதுக் கைதான்.