ஒரு பாக்கெட் ஈஸ்ட், ஆறு பீர்

முதல் மூன்று வருடமும் ஈஸ்டைச் சாக்கடையில்தான் கொட்டினேன். பீரைப் பாட்டில்களில் அடைத்து முடித்ததும் ஃபெர்மென்டரின், அதாவது பீர் நொதிக்கும் பாத்திரத்தின், அடியில் இரண்டு விரல் கனத்துக்கு வெளிர் பழுப்பாக ஈஸ்ட் மண்டி தங்கியிருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டு அலசிக் கொட்டிவிடுவேன். அடுத்த மாதம் கடைக்குப் போய் 12 டாலர் கொடுத்து அதே ஈஸ்டைத் திரும்ப வாங்குவேன்.

இருப்பது ஒரேகான் மாநிலம், போர்ட்லாந்தில். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி சரி. 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அது. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 200 காலன் (சுமார் 757 லிட்டர்) வரை, விற்காமல், சொந்தத் தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம். நான் மாதம் ஒரு முறை 20 லிட்டர் காய்ச்சுகிறேன். அந்த வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. நான் வாங்கும் வையீஸ்ட் 1056 என்ற ஈஸ்ட் இங்கிருந்து கிழக்கே, ஹூட் ரிவர் பக்கத்தில்தான் தயாராகிறது. ஹூட் மலைக்கு இந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயர் வையீஸ்ட். அந்தப் பெயருக்குள்ளேயே ஈஸ்ட் ஒளிந்திருந்தது கம்பெனிக்கு நல்ல வசதி.

எங்கள் தெருவில் இருபது வருடமாகக் காய்ச்சும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். நான் மண்டியை அலசுவதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "உயிரோடு இருப்பதை ஏன் கொட்டுகிறாய்?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தயிருக்கு உறை எடுத்து வைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். பாட்டி ஊருக்குப் போனால்கூட உறை மோரை ஒரு தூக்கில் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் போவாள். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஆனால் அந்தத் தயிர்ப் புத்திதான் முதலில் என்னைக் கவிழ்த்தது.

முதல் பீர் ஒரு பேல் ஏல், வெளிர் நிற பீர் வகை. நொதிக்கும் முன் சாற்றில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் ஆரம்ப அடர்த்தி 1.048. நன்றாக வந்தது. அதன் மண்டியைக் "கழுவி" எடுக்க வேண்டும் என்று எங்கோ படித்து வைத்திருந்தேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மண்டியில் ஊற்றிக் கலக்கி, இருபது நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்பதை மட்டும் ஜாடிக்கு மாற்றி, அதையும் தெளியவிட்டு, மறுபடி மாற்றி. பீருக்குக் கசப்புத் தரும் ஹாப்ஸ் பூவின் சக்கையும் உறைந்த புரதமும் செத்த ஈஸ்டும் கீழே நின்றுவிடும், நல்ல ஈஸ்ட் மேலே மிதக்கும் என்பது கணக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்கப் போனது. கடைசியில் நான்கு சின்ன ஜாடிகள். ஒவ்வொன்றின் அடியிலும் மைதாக் கரைசல் போல அரை விரல் வெள்ளைப் படிவு. பார்க்க அத்தனை அழகு. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஆம்பர் ஏல் காய்ச்சி, அதில் ஒரு ஜாடியை ஊற்றினேன். ஒரு நாள் ஆயிற்று, ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் ராத்திரிதான் முதல் குமிழி வந்தது. பீர் பிழைத்தது. ஆனால் குடித்தால் பச்சை ஆப்பிளைக் கடித்தது போல ஒரு வாடை, அதற்கு மேல் வேண்டாத ஒரு பழ வாசம்.

பெரியவரிடம் ஒரு பாட்டிலைக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "எவ்வளவு ஊற்றினாய்?" என்று மட்டும் கேட்டார். அங்கேதான் தப்பு. பாலுக்கு ஒரு ஸ்பூன் உறை போதும், மிச்சத்தைப் பாக்டீரியா பார்த்துக்கொள்ளும். பீர் அப்படி இல்லை. ஏல் வகைக்கு வழக்கமான கணக்கு, ஒரு மில்லிக்கு, ஒரு டிகிரி பிளேட்டோவுக்கு (இதுவும் சாற்றின் சர்க்கரையை அளக்கும் அலகுதான்), ஏழரை லட்சம் செல். 1.048 என்பது ஏறக்குறைய 12 பிளேட்டோ. 20 லிட்டருக்குப் பெருக்கினால் 18,000 கோடி செல் வருகிறது. கடைப் பாக்கெட்டிலேயே சுமார் 10,000 கோடிதான் இருக்கும். என் அழகான ஜாடியில் அதில் பாதியாவது இருந்திருக்குமா என்பது சந்தேகம். செல் குறைவாகப் போனால் ஈஸ்ட் பல மடங்கு பெருகியாக வேண்டும். அந்தப் பெருக்கத்தில்தான் வேண்டாத வாசனைகள் கிளம்புகின்றன. அது பெருகிவரும் இரண்டு நாளும் இனிப்பான மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு காற்றில் வரும் எந்தக் கிருமிக்கும் இலை போட்ட விருந்து.

இன்னொன்றும் அப்புறம்தான் உறைத்தது. சீக்கிரம் அடியில் படியும் ஈஸ்டை எல்லாம் சக்கையோடு கொட்டிவிட்டு, படியச் சோம்பும் ஈஸ்டை மட்டும் பொறுக்கி எடுத்திருக்கிறேன். ஆம்பர் ஏல் கடைசி பாட்டில் வரை கலங்கலாகவே இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஈஸ்டுக்குப் பிடித்த இடம் பீர்தான், வெறும் தண்ணீர் இல்லை. பீரின் புளிப்பும் ஆல்கஹாலும் கெட்ட கிருமிகளை ஒதுக்கி வைக்கும். கொதித்தாறிய தண்ணீரை ஊற்றி அந்தக் காவலை நானே கலைத்திருக்கிறேன். கழுவும் சடங்கை அன்றோடு விட்டேன்.

ஆம்பரின் மண்டியில் குறை ஒன்றும் இல்லை, எண்ணிக்கைதான் முதலில் குறைந்திருந்தது. அதில் செய்தது இவ்வளவுதான். பாட்டிலில் அடைக்கும்போது ஒரு லிட்டர் பீரை அடியில் விட்டுவைத்தேன். ஃபெர்மென்டரைச் சுழற்றிக் கலக்கினேன். அதன் வாயை ஸ்டார் சான் என்ற கிருமிநாசினி தெளித்துத் துடைத்து, அதே திரவத்தில் முக்கி எடுத்த மூன்று அரை லிட்டர் ஜாடிகளில் அப்படியே ஊற்றினேன். பத்து நிமிட வேலை. பார்க்கக் கண்றாவி, பழுப்புச் சேறு மாதிரி. பத்து நாள் கழித்து மேலே தெளிந்த பீரை வடித்துவிட்டு, கெட்டியான மண்டியில் 200 மில்லி அளந்து புதிய பேல் ஏலில் ஊற்றினேன். கெட்டி மண்டியில் மில்லிக்கு 100 கோடி செல் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். ஃபெர்மென்டரைக் காற்றேற நன்றாகக் குலுக்கி, 19 டிகிரி செல்சியஸில் வைத்தேன். ஆறு மணி நேரத்தில் நுரை கட்டிவிட்டது. நான் காய்ச்சியதிலேயே சுத்தமான சுவை அந்த பீருக்குத்தான்.

அந்த பீரின் மண்டியையும் மூன்று ஜாடியில் எடுத்தேன். ஜாடி விஷயத்தில் ஒரு கூத்து நடந்தது. ஊறுகாய் ஜாடி மூடுவது போல ஒன்றை இறுக்கி மூடிவிட்டேன். ஈஸ்ட் ஃப்ரிட்ஜுக்குள்ளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரியமில வாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் காலை மனைவி இட்லி மாவை எடுக்க ஜாடியை நகர்த்தி, பயத்தில் மூடியையும் லேசாகத் திருகியிருக்கிறாள். மண்டி ஃப்ரிட்ஜின் கூரை வரை அடித்திருந்தது. "என் மாவு பொங்கினால் பாத்திரத்தைத் துடைத்தால் போதும். உங்க மாவு பொங்கினா வீட்டையே கழுவணும்" என்றாள். நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால் இதைச் சிரித்துக்கொண்டு எழுதியிருக்க மாட்டேன். அதன்பின் மூடியை வைத்து, கால் திருகு தளர்வாகவே விடுகிறேன். கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள்.

தப்பிய ஜாடியில் நான்காவது பீர் ஆனது. ஐந்தாவதுக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. நான்காவதைக் காலையில் பாட்டிலில் அடைத்து, அன்று மாலையே காய்ச்சிய போர்ட்டர் என்ற கறுப்பு பீரை அந்த மண்டி மொத்தத்தின் மேலும் ஊற்றினேன். தேவையைப் போலப் பல மடங்கு ஈஸ்ட். மூன்று மணி நேரத்தில், வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத காற்றுப்பூட்டு தெறித்து, கராஜ் சுவரில் கறுப்பு நுரை வழிந்தது. பீர் குடிக்கும்படிதான் இருந்தது, ஆனால் சுவை தட்டை. ஈஸ்ட் பெருகவே இடமில்லாவிட்டால் அது தரும் மெல்லிய பழவாசமும் வராது என்பார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. மண்டி மொத்தத்தையும் திரும்ப ஊற்றுவது சோம்பேறித்தனம். பாதியையாவது எடுத்துவிட வேண்டும்.

வரிசை ஒன்று உண்டு. வெளிர் பீரிலிருந்து கறுப்புக்கு, மெல்லியதிலிருந்து கனமானதுக்கு, ஹாப்ஸ் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும். ஆல்கஹால் அதிகமான பீரில் உழைத்த ஈஸ்ட் களைத்துப்போயிருக்கும், அதை எடுத்து வைப்பதில் பயனில்லை. நான் போர்ட்டரிலிருந்து எடுத்து ஆறாவதாக ஒரு பிரவுன் ஏல் காய்ச்சினேன். அதில்தான் மாட்டினேன். பாட்டிலைத் திறந்தால் பாதி பீர் வெளியே பொங்கியது. மிச்சத்தில் கிராம்பு வாசம். 1056 கிராம்பு வாசம் தருகிற ஈஸ்டே அல்ல. வேறு ஏதோ காட்டு ஈஸ்ட் உள்ளே புகுந்து, என் ஈஸ்ட் தின்னாமல் விட்ட சர்க்கரையையும் தின்றிருக்கிறது.

ஜாடிமீது சந்தேகப்பட்டேன், ஈஸ்டுக்கு வயதாகிவிட்டதோ என்று நினைத்தேன். கடைசியில் ஃபெர்மென்டரின் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே பாசி போல ஒரு வழவழப்பு. ஆறு பீருக்கும் அதைப் பிரித்துக் கழுவவே இல்லை. ஒவ்வொரு முறையும் புது ஈஸ்ட் வாங்கிய காலத்தில் அந்த அழுக்கு எண்ணிக்கையில் தோற்றுக்கொண்டிருந்தது. மண்டியை எடுத்து எடுத்துப் போட்டதில் அதையும் சேர்த்து நானே வளர்த்திருக்கிறேன். 20 லிட்டரும் சாக்கடைக்குப் போனது. மூடிய பாட்டில்களை வைத்திருக்கப் பயம், வெடித்தால் கண் போய்விடும். கையுறை மாட்டி, துண்டு சுற்றி ஒவ்வொன்றாகத் திறந்து கொட்டினேன். இப்போது குழாய் ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகக் கழற்றப்படுகிறது.

மேற்கு நார்வேப் பண்ணைகளில் க்வைக் என்ற ஈஸ்டை மரவளையங்களில் காயவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். அந்த ஈஸ்ட் 35 டிகிரிச் சூட்டிலும் அசராமல் ஓடும். என்னுடையது அத்தனை முரடு இல்லை. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரத்துக்குள் என்றால் நேராக ஊற்றுகிறேன். ஒரு மாதம் தாண்டினால் முதலில் ஸ்டார்ட்டர் போட்டு, அதாவது கொஞ்சம் மால்ட் கரைசலில் பெருகவிட்டு, எழுப்புகிறேன். அதற்கு மேல் கிடந்து, நிறம் கறுத்து, ரப்பரோ எலும்புச் சூப்போ மாதிரி வாடை அடித்தால் யோசிப்பதே இல்லை, குப்பைதான். நல்ல மண்டி ரொட்டி மாதிரி மணக்கும்.

இந்த வருடம் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். பீரின் மண்டியைத் தொடாமல் ஸ்டார்ட்டரிலேயே பங்கு பிரித்துவிடுகிறேன். 2 லிட்டர் தண்ணீரில் 200 கிராம் மால்ட் பொடியைக் கரைத்து, ஜாடிகளில் பாதியளவு ஊற்றி, பிரஷர் குக்கரில் இருபது நிமிடம். கொதி நீரில் சாகாத கிருமி விதைகளும் குக்கரின் 121 டிகிரியில் சாகும். இட்லி, சாம்பார் தவிர அதற்கு வேறொரு வேலையும் கிடைத்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம். ஆறியதும் பாக்கெட்டை அதில் ஊற்றி, பழைய கம்ப்யூட்டர் விசிறியில் காந்தம் ஒட்டிச் செய்த கலக்கியின்மேல் ஒரு நாள் சுழலவிடுகிறேன். அரை லிட்டரை ஜாடிக்கு எடுத்துவிட்டு மிச்சத்தை பீரில் ஊற்றுகிறேன். ஹாப்ஸும் சக்கையும் படாத ஈஸ்ட் என்பதால் ஜாடியில் பால் போல வெள்ளையாய்ப் படிகிறது. அன்று நாள் முழுக்கக் கழுவியும் கிடைக்காத வெள்ளை.

போன சனிக்கிழமை பெரியவர் தன் ஈஸ்ட் தீர்ந்துவிட்டது என்று வந்தார். ஜாடியில் பாதியை ஊற்றிக் கொடுத்தேன். வாங்கியதும் மூடியை இறுக்கப் போனார். நான்தான் கையைப் பிடித்துக் கால் திருகு தளர்த்திவிட்டேன்.